நீ எழுதித் தராத ஒரு வரி

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை. உடம்பு சரியில்லாதவன் இவ்வளவு திருத்தமாகக் கையெழுத்துப் போட மாட்டான். உன் கையெழுத்தை நேற்றுப் பார்த்தேன். என் வீட்டு மேஜையில், எனக்கு எதிரில், தலைகீழாக.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ "அக்கா, அக்கா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் விழ முடியாது. உன் மாமா கண்டக்டராக இருந்த காலத்துச் சிநேகிதர் இன்னும் அந்த ரூட்டில்தான் ஓடுகிறார். அவரிடம் கொடுத்தால் மதியத்துக்குள் உன் ஆஸ்பத்திரி வாசலில் சேர்த்துவிடுவார். அதனால் கிடைக்கவில்லை என்று கதை விடாதே.

வீட்டில் நான் நடத்தும் பகல் காப்பகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் நான் பட்டப்பெயர் வைப்பது உனக்குத் தெரியும். முதன்முதலில் மொட்டை என்று உனக்குத்தானே வைத்தேன். பூசணி, மைக் செட், தூங்குமூஞ்சி. அதில் ஏழு மாதத்துப் பையன் ஒருவனுக்கு ஜட்ஜ் என்று பெயர். கிலுகிலுப்பையை ஆட்டினாலும் சரி, கரண்டியைத் தட்டினாலும் சரி, தீர்ப்பை ஒத்திவைத்தவன் மாதிரி நம்மை முறைத்துப் பார்ப்பான். போன வாரம் அவனுக்குத் துணி மாற்றும்போது வலது கால் சைக்கிள் மிதிக்கிறது, இடது கால் லீவில் இருக்கிறது. தொட்டேன். வீறிட்டான். அவன் அம்மா துணிக்கடையில் பில் போடுகிறவள். உடனே வரச் சொன்னேன். வந்தாள். அழக்கூட இல்லை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு நின்றாள். எப்போதுமே அவள் அப்படித்தான். நான்தான் அவளைக் கையைப் பிடித்துத் தெருக்கோடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு படம் எடுத்தார். பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அதாவது உன் ஆஸ்பத்திரிக்கு.

அங்கேயும் நான்தான் அவளோடு போனேன். அவன் அப்பா டெலிவரி வேன் ஓட்டுகிறவர், வண்டியோடு வெளியூரில் இருந்தார். உங்கள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, அந்த நீல நாற்காலியில், பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலுக்கு வந்த குழந்தைக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படம் எடுத்தார்கள். கைக்குத் தனி, விரலுக்குத் தனி, முதுகுக்குத் தனி. அவன் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கவலைப்படாதீங்க, உள்ள படம் பாக்குறது என் தம்பிதான்" என்று சொன்னேன். வேலை நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது என்று உன்னைக் கூப்பிடாமல் பஸ் ஏறினேன்.

நேற்று என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி குழந்தை நல ஆபீசர், கண்ணாடி போட்டவள். இன்னொருவர் போலீஸ், சாதாரணச் சட்டையில். அந்தம்மா ஒரு ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள்.

"குழந்தையக் குளிப்பாட்டுறது யாரு?"

"நான்தான்."

"துணி மாத்துறது?"

"நான்தான்."

"தூங்க வைக்கிறது?"

"அதுவும் நான்தான். தூங்கி எழுந்து கொட்டாவி விடுறத மட்டும் அவனே பாத்துக்குவான்."

அவள் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டாள். பிறகு ரிப்போர்ட்டிலிருந்து ஒன்றை வாசித்துக் காட்டினாள். இந்தக் காயம் தானாக ஏற்படக்கூடியது அல்ல, குழந்தையைக் கையாண்ட அனைவரையும் விசாரிக்க வேண்டும் என்று. அதற்குக் கீழேதான் நீ.

விசாரணை முடியும்வரை காப்பகத்தைத் திறக்கக் கூடாதாம். மைக் செட்டின் அம்மா வந்து பால் புட்டியை எடுத்துப் போனாள், என் முகத்தைப் பார்க்காமல்.

யார் கண்ணிலும் படாத அந்தக் கால் வலியை நான்தான் கண்டுபிடித்தேன். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் நானே குற்றவாளி வரிசையில் நிற்கிறேன், என் தம்பி கையெழுத்தோடு. நான் அதிகமாகக் கேட்கவில்லை. ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. "என் அக்கா அப்படிப்பட்டவள் அல்ல." அவ்வளவுதான். ஆஸ்பத்திரி முத்திரையோடு.

இப்படிக்கு,
உன் அக்கா (இன்றுவரை)


ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை வாசல் காவலாளி கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு முறை படித்தேன். நீ அன்று வெளியே உட்கார்ந்திருந்தாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. நான் மூன்று கதவு தள்ளி இருட்டறையில் இருந்தேன். அக்கா, ஊருக்கே சொன்னாயே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சொல்லியிருந்தால் அந்தப் படங்களை அப்போதே வேறு டாக்டர் கையில் கொடுத்திருப்பேன். என்னிடம் வந்த தாளில் குழந்தையின் வயது இருந்தது, பகலில் காப்பகத்தில் விடப்படும் குழந்தை என்று இருந்தது. எந்தக் காப்பகம் என்று இல்லை.

உன் கடிதத்தைப் படித்த கையோடு என் சீஃபிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இனி அந்தக் குழந்தையின் ஃபைலை நான் திறக்க மாட்டேன். எல்லாப் படங்களையும் வேறொரு டாக்டர் முதலிலிருந்து பார்க்கிறார். அதனால் அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததையும் சொல்லக் கூடாது.

பொதுவாக மட்டும் சொல்கிறேன். நிற்கவும் தவழவும் தெரியாத குழந்தை தன் எலும்பைத் தானே உடைத்துக்கொள்வது அபூர்வம். பெரியவர்களுக்கு எங்கே வலி என்று கேட்டு அங்கே மட்டும் படம் எடுப்போம். கைக்குழந்தை சொல்லாது. அதனால் ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாகக் கேட்கிறோம். அப்படியும் சில எலும்புகள் முதல் தடவை வாயைத் திறக்காது. புதிதாக விரிசல் விட்ட விலா எலும்பு அன்றைய படத்தில் ஒளிந்துகொள்ளும். ஆறத் தொடங்கும்போதுதான் முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி தெரியும். அதற்காக இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை யார் மேலும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. உன் மேலும்தான்.

அந்த வரியை நான் எழுத முடியாது. தம்பியாக வேண்டுமானால் ஆயிரம் முறை சொல்வேன். முத்திரை தம்பியுடையது அல்ல.

பிரஷர் மாத்திரையை விடாமல் சாப்பிடு. கோபத்தில் அதை விட்டுவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
உன் தம்பி


ஜூன் 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன். தங்கள் வழக்கங்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். மிக்க நன்றி.

மரியாதை போதுமா? இதற்கு மேல் எனக்கு வராது.

ஃபைலைத் திறக்க மாட்டானாம். சந்தேகத்தைக் கிளப்பும்போது திறந்தாய். அதைத் துடைக்க வேண்டிய நேரத்தில் மூடிவைத்துவிட்டுக் கையைக் கழுவுகிறாய். அம்மா போனபோது உனக்கு இரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தி உன்னை என் இடுப்பில் ஏற்றினார்கள். நீ படித்து முடித்த புத்தகங்களை நீ தூக்கிப் போட்ட பிறகு ஒன்றொன்றாகப் படித்துத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். உன் உடம்பில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறதா? இல்லை. உன் எலும்பில் ஒரு விரிசல் இருக்கிறதா? இல்லை. உன் ஆஸ்பத்திரியிலேயே மெஷின் இருக்கிறதே, படுத்து ஒரு படம் எடுத்துப் பார். என் நற்சான்று அதில் தெரியும்.

நான் சும்மா இருப்பவள் இல்லை. விசாரித்துப் படித்தேன். எலும்பில் சத்து இல்லாமலே சில குழந்தைகளுக்கு உடையுமாமே? அதை உங்கள் ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தார்களா? அல்லது பார்த்ததும் பக்கத்தில் இருக்கிற கிழவியைப் பிடி என்று எழுதிவிட்டீர்களா?

சரி, உடைந்ததுதான் என்றே வைத்துக்கொள். யார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாகக் காலையும் மாலையும் என் வாசலில் அப்பா அம்மாக்களைப் பார்க்கிறேன். முகத்தைப் பார்த்தாலே போதும். அந்தப் பில் போடுகிற பெண் சிரித்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. குழந்தையைக் கொடுக்கும்போதும் உம், வாங்கும்போதும் உம். வீட்டுக்காரர் எவ்வளவு கலகலப்பு! காலையில் அவர் வேனை நிறுத்தும்போதே என் வாசல் வெளிச்சமாகிவிடும். நான் அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், உன் புருஷனைப் பார்த்தாவது சிரிக்கக் கற்றுக்கொள் என்று. அதையெல்லாம் ஆபீசரிடம் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொன்னேன்.

நேற்று ஜட்ஜின் அப்பா வந்திருந்தார். பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார். "அம்மா, உங்க மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல. எனக்கும் அம்மா மாதிரிதான் நீங்க" என்று சிரித்தார். ஜட்ஜை அவன் பெரியம்மா வீட்டில் வைத்திருக்கிறார்களாம். அப்பாவும் அம்மாவும் தனியாகப் பார்க்கக் கூடாதாம். அதைச் சொல்லும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், பாவம். வெளி ஆளுக்கு இருக்கிற நம்பிக்கை கூடப் பிறந்தவனுக்கு இல்லை.

உன் மாமா அந்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே, "மச்சான் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். நேற்றிலிருந்து அவரோடும் பேசவில்லை.

அந்த வரி எங்கே?

இங்ஙனம்,
குழந்தையைக் கையாண்ட அனைவருள் ஒருத்தி


ஜூன் 11

அக்கா,

உன்னோடு கடிதத்தில்கூடக் குறுக்கே விழ வேண்டியிருக்கிறது.

எலும்புச் சத்தைப் பார்ப்பார்கள். இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். பிறவியிலேயே எலும்பு நொறுங்குகிற நோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பு ஒரு தடவை, போலீஸ் வந்து நின்ற ஒரு வீட்டில், குழந்தைக்கு அந்த நோய்தான் என்று எங்கள் படம்தான் சொல்லிற்று. அந்த அப்பாவையும் அம்மாவையும் ஊரே குற்றவாளி என்றது. அப்படி இல்லை என்று படம்தான் சொன்னது. ஆகவே நாங்கள் ஆளைப் பிடிக்கிறவர்கள் அல்ல. படத்துக்கு யார் என்று தெரியாது. என்ன நடந்திருக்கலாம், ஏறக்குறைய எப்போது, அவ்வளவுதான் தெரியும். அதைக்கூட ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும்.

முகத்தைப் பார்த்தால் போதும் என்கிறாய். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. அதற்காகத்தான் எங்களை இருட்டில் உட்கார வைத்திருக்கிறார்களோ என்று சில சமயம் தோன்றும். வராந்தாவுக்கு வந்தால் எல்லோரும் நல்லவர்கள். அழுகிறவர்கள், சிரிக்கிறவர்கள், உள்ளே இருப்பது என் தம்பி என்று சொல்கிறவர்கள், எல்லோரும். அவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால் என் கண்ணுக்கு எலும்பு தெரியாது.

ஆபீசரிடம் என்ன சொன்னாய் நீ? பார்த்ததைச் சொன்னாயா, நினைத்ததைச் சொன்னாயா? அந்தப் பெண் சிரிக்க மாட்டாள் என்பது ஒரு குற்றமா? நீ எந்தக் காலத்தில் சிரித்தாய்? என் கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார். என் மாமியார் இன்றுவரை உன்னைக் கண்டால் பயப்படுகிறார்.

என்னைத் திட்டு. உனக்கு உரிமை இருக்கிறது. அம்மாவுக்குப் பதில் நீதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வரியை மறுபடி கேட்காதே. நீ கேட்கக் கேட்க எனக்குத் தூக்கம் போகிறது, வரி மட்டும் வராது.

உன் தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

என் சிரிப்பைப் பற்றி உன் மாமியார் பேசுவது இருக்கட்டும். அந்த அம்மாள் என் கையால் சாப்பிட்டபோது பயமில்லாமல்தான் சாப்பிட்டார்.

பார்த்தது, பார்த்தது என்கிறாயே. பார்த்தது என்ன இருக்கிறது? கேட்டுக்கொள். காலையில் வேன் வரும். அவர் இறங்கிக் குழந்தையை நீட்டுவார். நான் கக்கத்தில் கை கொடுத்து வாங்குவேன். ஜட்ஜ் உடனே கத்துவான். ஆரம்பத்தில் கத்த மாட்டான். கடைசி நாலைந்து நாளாகத்தான். "அப்பாவ விட்டுப் பிரிய மனசு வரல பாருங்க" என்று சிரிப்போம். பாயில் படுத்திருப்பவனை முதுகுக்கு அடியில் கை விட்டு அள்ளி எடுத்தால் கத்த மாட்டான். பசித்தால் கத்துவான். மைக் செட் கத்தினால் கூடவே கத்துவான். வயிறு முட்டக் குடித்தால் முறைத்துக்கொண்டே தூங்குவான். இவ்வளவுதான் நான் பார்த்தது. அப்பா செல்லம் என்பதை ஒரு ஆபீசரிடம் போய் வாக்குமூலம் கொடுக்கவா?

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. காலையில் பழக்கதோஷத்தில் பாய்களை விரித்துவிட்டு மறுபடி சுருட்டுகிறேன். உன் மாமா டிவியின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார், எனக்காகவாம். எரிச்சலாக இருக்கிறது.

வரியை இனி கேட்க மாட்டேன். நீயாக அனுப்பினால் வாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா


ஜூன் 14

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த பஸ்ஸிலேயே இதைத் திருப்பி அனுப்புகிறேன். கண்டக்டர் ஐயா டீ குடித்துவிட்டுக் காத்திருக்கிறார்.

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கும்போது என்று எழுதியிருந்தாயே, அதை அந்த ஆபீசரிடம் சொல். நாளைக்கு என்று வைத்துக்கொள்ளாதே. எப்படித் தூக்கினால் அழுதான், எப்படித் தூக்கினால் அழவில்லை, எப்போதிலிருந்து. அது மட்டும். அப்பா செல்லம் என்பதைச் சொல்லாதே. அது நீ நினைத்தது.

ஏன் என்று கேட்காதே. நான் சொல்ல மாட்டேன். இந்த ஒரு தடவை மட்டும் என்னோடு சண்டை போடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்து, அப்புறம் சண்டை போடு.

உன் தம்பி


ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. கண்டக்டர் நம் இரண்டு பேரையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "என்னம்மா, உங்க வீட்டுத் தபால் ஆபீஸ மூடிட்டீங்களா?" என்றார்.

அன்று போய்ச் சொன்னேன். நீ சொன்னதற்காகப் போகவில்லை, எனக்கும் ஆபீசரிடம் காப்பகத்தைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது. நான் சொல்லச் சொல்ல அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க" என்று மேஜையில் இருந்த தலையணையைக் கொடுத்தாள். காட்டினேன். அப்போதுதான் என் கட்டை விரல்கள் எங்கே போகின்றன, மற்ற விரல்கள் முதுகில் எங்கே போகின்றன என்று நானே பார்த்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை.

போன வாரம் அந்தப் பில் போடுகிற பெண் வந்தாள். வாசலில் நின்றாள்.

"உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதான இருக்கு."

வந்து குழந்தைகள் உட்காருகிற பாயில் உட்கார்ந்தாள். நாற்காலி இருந்தும் அதில் உட்காரவில்லை. அவளாகவே சொன்னாள். இரண்டாவது தடவை படம் எடுத்துவிட்டு ஒரு லேடி டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாராம். முதுகுப் பக்கம் விலா எலும்புகள் ஆறிக்கொண்டிருக்கின்றன, இது விழுந்து வந்தது அல்ல, இரண்டு கையால் மார்பை இறுக்கிப் பிடித்தால் வருவது என்று சொன்னாராம்.

"அவங்க கையில காட்டினாங்கம்மா. காட்டினதும் நான் சொல்லிட்டேன். எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கேன்."

"என்ன பாத்த?"

"ஒரு தடவை. கதவிடுக்குல. குழந்தை அழுதுக்கிட்டே இருந்தான். அவர் தூக்கிப் பிடிச்சு உலுக்கிட்டு இருந்தார். நான் நிக்கிறதப் பாத்தார். சிரிச்சார். 'விளையாடுறோம்'னார். அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பே வரலம்மா."

"அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"யார்கிட்ட? உங்ககிட்டயா?" என்றாள். "நீங்க என்னைப் பாத்தா என்ன சொல்வீங்க?"

நான் அவளிடம் என்ன சொல்வேன் என்பதை உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். மறுபடி எழுதத் தேவையில்லை.

அவள் புருஷன் வெளியூரில் இருந்தே முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம், காப்பகத்தில்தான் ஏதோ நடந்திருக்கும், வயசான அம்மா, கை தவறியிருக்கும் என்று. பிஸ்கட்டோடு வந்தது அதற்குப் பிறகு. நல்லவேளை, அதில் ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை. முழுக்க உன் மாமாதான் தின்றார். சொன்னதும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். அவரைப் போலீஸ் கூட்டிப் போன அன்று அவருடைய அக்கா ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாளாம். சின்ன வயதிலிருந்து அவரைத் தூக்கி வளர்த்தவளாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாளாம், "என் தம்பி அப்படிப்பட்டவன் அல்ல" என்று. ஒரே ஒரு வரி.

ஆபீசர் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டாளாம்.

அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அதனால், நான் கேட்ட அந்த வரியை எழுதாதே. எழுதி எங்காவது மறைத்து வைத்திருந்தால் கிழித்துப் போடு. இதை வைத்துக்கொண்டு நீ செய்தது சரி என்று அக்கா ஒப்புக்கொண்டாள் என்று உன் பெண்டாட்டியிடம் சொல்லாதே. நீ அன்றைக்கு ஒரு எட்டு வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கலாம் என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அப்புறம், குழந்தைகளைத் துணி இல்லாமல் கிடத்துகிற அந்த அறையை யார் அவ்வளவு குளிராக வைக்கச் சொன்னது? உன் சீஃபிடம் கேள். முடியாது என்றால் அவர் விலாசத்தைக் கொடு, நான் எழுதுகிறேன்.

காப்பகத்தைத் திறந்துவிட்டேன். பாதிப் பேர்தான் வருகிறார்கள். அதற்குக் காரணம் போலீஸ் வந்தது மட்டும் இல்லை. இப்போது காலையில் குழந்தையை வாங்கும்போது அப்பா அம்மா எதிரிலேயே சட்டையைக் கழற்றி, கை, கால், முதுகு, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறேன். மாலையில் கொடுக்கும்போது அவர்களையும் அதே மாதிரி பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். பூசணியின் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"என்னங்கம்மா இது, பெத்தவங்களையே சந்தேகப்படுறீங்களா?"

"எல்லாரையும்தான். என்னையும் சேத்துத்தான்."

"உங்கள யாரு சந்தேகப்பட்டா?"

"என் தம்பி," என்றேன். "பெரிய ஆஸ்பத்திரியில டாக்டர். நான் வளத்தவன். என்னையே விடல அவன். நீங்க யாரு?"

அவர் சட்டையைக் கழற்றினார், குழந்தையுடையதை. நான் இதைப் பெருமையாகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கேட்டார், சொன்னேன்.

நேற்றிலிருந்து ஜட்ஜ் வருகிறான். அவனும் அவளும் பெரியம்மா வீட்டோடு இருக்கிறார்கள். அவள் அதே முகத்தோடுதான் வந்தாள். நானும் அதே முகத்தோடுதான் வாங்கினேன். அவன் இடது கால் லீவு முடிந்து வேலைக்கு வந்துவிட்டது. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். பிறகு கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன்.

அவன் என்னை ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தான். அழவில்லை.

மொட்டை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. போன் பண்ணிவிட்டு வர வேண்டாம், எடுக்க மாட்டேன். மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் அக்கா